காலியாகாத இடம்

அராகுமோ தோற்றுக்கொண்டிருந்த வரைக்கும் தெமூலெனுக்கு அந்த நவம்பர் மாதம் நன்றாகவே போனது.

தொத்தோரியில், மீன்விழுதைக் குழல் குழலாகச் சுட்டு அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு வேலை. மூன்று மணித் தேநீருக்கு எல்லாரும் உணவுக்கூடத்தில் கூடும்போது தொலைக்காட்சியில் சுமோ இரண்டாம் பிரிவுப் போட்டிகள் ஓடும். வலது முழங்காலில் தடிமனாகக் கட்டுப் போட்டிருக்கும் அராகுமோ வளையத்தில் ஏறுவார். முப்பத்தாறு வயது. எதிரே நிற்கும் இளவட்டம் முட்டித் தள்ள, பின்னாலேயே போய் விழுவார். வெள்ளைத் தொப்பி போட்ட தலைகளெல்லாம் "அய்யோ" என்று ஒரே குரலில் அங்கலாய்க்கும். தெமூலெனும் சேர்ந்து "அய்யோ" என்பான். பிறகு கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நிதானமாகத் தேநீரைக் குடிப்பான்.

"கவலைப்படாதப்பா. உங்க ஊர்க்காரர் நாளைக்கு ஜெயிச்சிடுவாரு" என்று நிஷியோ அக்கா அவன் முதுகில் தட்டுவாள். சுடும் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. மங்கோலியாக்காரன் ஒருவன் தோற்றால் இன்னொரு மங்கோலியாக்காரனுக்கு மனசு கஷ்டப்படும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவளிடம் எப்படிச் சொல்வது? வீரர்கள் தங்கிப் பயிலும் ஒரு கூடத்துக்கு ஒரு வெளிநாட்டு வீரர்தான் என்பது சுமோ சங்கத்தின் விதி. தெமூலெனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது ஒரே ஒரு கூடம். அங்கே இருக்கிற அந்த ஒரு இடத்தில் பதினேழு வருஷமாக அராகுமோ உட்கார்ந்திருந்தார். மற்ற கூடங்களில் இடம் நிரம்பிக் கிடந்தது. நிரம்பாத சில கூடங்களின் தலைவர்களோ வெளிநாட்டுப் பையன்களே வேண்டாம் என்றிருந்தார்கள். அராகுமோ இரண்டாம் பிரிவிலிருந்து கீழே விழுந்தால் சம்பளம் நின்றுவிடும். அந்த வயதில் விலகித்தான் ஆக வேண்டும். அவர் விலகினால் தெமூலென் உள்ளே போகலாம். அதுவும் பிப்ரவரிக்குள். பிப்ரவரியில் அவனுக்கு இருபத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய வீரனானாலும் யாரும் சேர்த்துக்கொள்ள முடியாது.

பதினைந்து வயதில் உலான்பாத்தரிலிருந்து இங்கே பள்ளிக்கு வந்தவன். பள்ளி, பல்கலைக்கழகம், இப்போது இந்தத் தொழிற்சாலையின் நிறுவன அணி. போன வருஷம் நிறுவன வீரர்களுக்கான தேசியப் பட்டம் அவனுக்குத்தான். அமெச்சூர் உலகத்தில் அவனைத் தெரியாதவர் இல்லை. "அடுத்த வருஷம் தொழில்முறைக்குப் போயிடுவான்" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் போட்டியின் கடைசி நான்கு நாளும் அராகுமோ வரிசையாக ஜெயித்தார். ஒன்றில் எதிராளி கால் வழுக்கித் தானே விழுந்தான். இன்னொன்றில் நடுவர்கள் கூடிப் பேசி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். பதவி தப்பியது. நிஷியோ அக்கா சந்தோஷம் தாங்காமல் மறுநாள் பயறு வைத்த அரிசி உருண்டைகளை ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தாள்.

"முதல் உருண்டை உனக்குத்தான். எடுத்துக்கப்பா, வெட்கப்படாதே."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தின்றான். மாவு தொண்டையில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்குவேனா என்றது.

அன்று மாலை இவாமுரோ போனில் கூப்பிட்டான். பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்தவன். பயிற்சியில் தெமூலென் அவனோடு பத்துத் தடவை மோதினால் எட்டுத் தடவை மண்ணில் உருட்டுவான். ஆனால் இவாமுரோ ஜப்பான்காரன். படிப்பு முடிந்த அடுத்த வாரமே அராகுமோவின் கூடத்தில் சேர்ந்து, இப்போது இரண்டாம் பிரிவில் தலையில் எண்ணெய் மணக்கக் கொண்டையோடு நிற்கிறான்.

"டேய் தெமூ, பார்த்தியா?"

"பார்த்தேன். இனிப்பு வேற குடுத்தாங்க."

இவாமுரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. "நீ ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போடா. எங்க கூடத் தலைவர்கிட்ட பேசு. இல்லன்னா அராகுமோ அண்ணன்கிட்டயே பேசிடு."

"என்னன்னு பேச? போதும், எழுந்திரிங்கன்னா?"

"என்னமோ பேசு. போன்ல என்கிட்ட பெருமூச்சு விடுறதை விட அது நல்லது."

டிசம்பரில் ஒரு வார விடுப்பு எடுத்துக்கொண்டு தோக்கியோவுக்குப் போனான். தலைவர் அவனைக் காலைப் பயிற்சிக்கு வரச் சொன்னார். அமெச்சூர் விருந்தாளி என்பதால் ஓரமாக நின்று கால் தூக்கி மிதித்து உடம்பைச் சூடாக்கினான். பிறகு கூப்பிட்டார்கள். இளையவர்களை ஒவ்வொருவராக வெளியே தள்ளினான். இவாமுரோவை இடைக்கச்சையில் பிடித்து இரண்டு தடவை புரட்டினான். மூன்றாவது தடவை இவாமுரோ அவனைத் தள்ளிவிட்டான், அவ்வளவுதான். மேடையில் சம்மணமிட்டிருந்த தலைவர் வாயெல்லாம் பல்லாகப் பார்த்தார்.

"இப்படி ஒருத்தன் தொத்தோரியில மீன் சுட்டுக்கிட்டிருக்கானே" என்று தொடையில் தட்டிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தெமூலெனால் சிரிக்க முடியவில்லை. அந்த இடத்தைக் கையில் வைத்திருப்பவரே அடுத்த வீட்டுச் சமாச்சாரம் போலப் பேசுகிறாரே என்று எரிச்சலாக வந்தது.

சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அராகுமோ எழுந்து முழங்கால் கட்டை இறுக்கிக்கொண்டார்.

"எனக்கும் ஒண்ணு குடு, தம்பி" என்றார் மங்கோலிய மொழியில்.

குனிந்து, தரையில் முஷ்டி ஊன்றி, மோதினார்கள். கிழவர் என்று நினைத்திருந்தான். தோள் பாறையாக வந்து இடித்தது. ஆனால் இரண்டு எட்டில் அவர் மூச்சு வாங்குவது காதருகில் கேட்டது. தெமூலென் பிடியை மாற்றித் தள்ளினான். அவர் பின்வாங்கி, வளையத்து வைக்கோல் விளிம்பில் வலது குதிகாலைக் கொடுத்து நின்றார். அந்த முழங்கால். கட்டுக்கு அடியில் அது நடுங்குவது அவன் தொடையில் தெரிந்தது. இன்னும் ஒரு முழு மூச்சுத் தள்ளல் போதும். முழங்கால் போகும். நாளைக்கே விலகல் அறிவிப்பு. பயிற்சியில் நடப்பதுதானே, யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள்.

அவன் கை தளர்ந்தது. தளர்த்தினானா, தானாகத் தளர்ந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. அடுத்த கணம் உலகம் சுழன்றது. முதுகு மண்ணில் இருந்தது.

அராகுமோ கைகொடுத்துத் தூக்கவில்லை. குனிந்து அவன் முகத்துக்கு நேராகச் சொன்னார்:

"என் காலுக்கு நீ இரக்கப்படுறியா? வளையத்துக்குள்ள? எவன்டா உனக்கு அந்த உரிமையைக் குடுத்தது?"

மொழி புரியாவிட்டாலும் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தெமூலென் எழுந்து வணங்கிவிட்டு வெளியே போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். தள்ளியிருந்தால் பாவி. தள்ளாததால் முட்டாள். என்ன பிழைப்பு இது.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு அராகுமோ அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முழங்காலில் பனிக்கட்டிப் பை. சின்ன மின்அடுப்பில் உப்புப் போட்ட பால் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஊரை விட்டு வந்த பிறகு அந்த மணத்தை அவன் அதிகம் முகர்ந்ததில்லை.

"குடி. காலையில கத்தினதை மனசுல வைச்சுக்காதே. கத்த வேண்டியதைத்தான் கத்தினேன், ஆனாலும்."

"இல்லண்ணே."

"நான் தோக்கணும்னு தினம் சாமி கும்பிடுறே, இல்ல?"

தெமூலெனுக்குத் தேநீர் புரையேறியது.

"இருமாதே. எனக்குத் தெரியும். நான் வந்தப்போ எனக்கு முன்னாடி ஒரு அண்ணன் இருந்தாரு. அவர் எப்போ போவாருன்னு நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் காத்திருந்தேன்." பையைப் புரட்டி வைத்தார். "நானா ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கேன்னு நினைக்கிறியா? ராத்திரி கழிப்பறைக்குப் போகச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறேன்டா."

"அப்போ ஏன்ணே..."

"குடியுரிமை வரலை. ஜப்பான் குடியுரிமை இருந்தாத்தான் விலகின பிறகு சங்கத்துல பயிற்சியாளரா இருக்க முடியும். அது வர்றதுக்கு முன்னாடி விலகினா, கொண்டையை வெட்டின மறுநாளே நான் சங்கத்துக்கு யாரோ. எழுதிக் குடுத்து ரெண்டு வருஷமாச்சு. ஊர்லேருந்து இன்னொரு சான்று கொண்டு வாங்குறாங்க. கொண்டு வந்தா, வேற ஒண்ணு கேக்குறாங்க. வரும் வரும்னு சொல்றாங்க. எப்பன்னு எவனும் சொல்லமாட்டேங்கிறான்."

தெமூலென் கோப்பையைக் கீழே வைத்தான். இந்த ஆளைத் திட்டலாம் என்று அத்தனை தூரம் ரயிலில் வந்திருந்தான். வந்து பார்த்தால் அவரே வேறொரு கதவுக்கு வெளியே நிற்கிறார்.

"எனக்குப் பிப்ரவரியோட முடியுதுண்ணே" என்றான் கடைசியில்.

"தெரியும்" என்றார் அராகுமோ. "ஜனவரிக்குள்ள வந்துட்டா அன்னிக்கே விலகிடறேன். சத்தியமா. வரலைன்னா..." நிறுத்தினார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்கடா தம்பி."

கிளம்புமுன் தலைவரைப் பார்த்தான். அவர் முகத்திலிருந்து காலைச் சிரிப்பு போயிருந்தது.

"அவனைப் போன்னு நான் சொல்லமாட்டேன். இந்தக் கூடத்துல ஆள் இல்லாத காலத்துல, தனியா நின்னு பேர் காப்பாத்திக் குடுத்தவன். நீ பொறுமையா இரு."

"எத்தனை நாளைக்கு ஐயா?"

"பொறுமைன்னா நாள் கேக்கக்கூடாது" என்றார் தலைவர்.

ஜனவரிப் போட்டியில் அராகுமோ வலி ஊசி போட்டுக்கொண்டு ஏறுகிறார் என்று இவாமுரோ சொன்னான். உணவுக்கூடத்தில் தெமூலென் இப்போது தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். தோற்றால் தனக்கு நல்லது, அவருக்குக் கேடு. ஜெயித்தால் நேர்மாறு. எதற்கு வேண்டிக்கொள்வது என்று புரியவில்லை. முன்பாவது நிம்மதியாக வெறுக்க முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. நிஷியோ அக்காவின் கூச்சலை வைத்தே முடிவு தெரிந்துவிடும். கடைசி நாளுக்கு முந்தைய நாள், மேஜையில் இருந்த கோப்பைகள் ஆடும்படி கத்தினாள். அவர் தப்பித்துவிட்டார்.

குடியுரிமை வரவில்லை. பிப்ரவரி வந்தது. பிறந்த நாளன்று சுடும் இயந்திரத்தில் பழுது. மாலைவரை கருகிய குழல்களை அள்ளிக் கொட்டினான். வேறொன்றும் நடக்கவில்லை. எங்கேயோ ஒரு கதவு மூடும் சத்தமாவது கேட்டிருக்கலாம்.

மே மாதக் கடைசியில் அராகுமோ போனில் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"வந்துடுச்சு தம்பி. நேத்து."

"சந்தோஷம்ணே" என்றான். ஆச்சரியம், கொஞ்சம் உண்மையாகவே இருந்தது.

"விலகுறதா சங்கத்துல சொல்லிட்டேன். இடம்..." இழுத்தார். "தலைவர் ஒரு பையனைப் பார்த்து வெச்சிருக்காரு. நம்ம ஊர்தான். பதினெட்டு வயசு. நல்ல உடம்பு."

"சரிண்ணே."

"ஒரு விஷயம் கேக்கணும். கேக்கக்கூடாதுதான். பையனுக்கு இப்பவே தலைக்கனம். இங்க இருக்கிற சின்னப் பசங்க எல்லாரையும் தூக்கிப் போட்டுட்டான். விடுப்புக் கிடைச்சா வந்து, அவனை நாலு தடவை மண்ணுல உருட்டிட்டுப் போறியா? உன்னைத் தவிர எனக்கு வேற ஆள் தோணலை."

தெமூலென் போனை மறு காதுக்கு மாற்றினான். தன் இடத்தில் வந்து உட்கார்ந்தவனுக்குத் தானே போய் வழி காட்ட வேண்டுமாம். அதைக் கேட்க இவருக்கு எப்படி வாய் வந்தது?

"வரமாட்டேன்ணே."

"சரிதான்" என்றார் அராகுமோ. "நானா இருந்தாலும் வரமாட்டேன். கேட்டதை மறந்துடு." பிறகும் உடனே வைக்கவில்லை. யார் முதலில் துண்டித்தது என்று தெமூலெனுக்குப் பின்னால் நினைவில்லை.

அன்று மாலை தன் அணி பழகும் பல்கலைக்கழகப் பயிற்சிக் கூடத்துக்குப் போய், நட்டு வைத்த மரத்தூணைக் கையால் அடித்துக்கொண்டே இருந்தான். மாணவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் அடித்தான். உள்ளங்கை வீங்கி, மறுநாள் கையுறை ஏறவில்லை. நிஷியோ அக்கா திட்டிக்கொண்டே களிம்பு போட்டுவிட்டாள்.

"ஏன்பா, உங்க ஊர்க்காரர் விலகிட்டாராமே. அதுக்காக இப்படியா கையைப் புண்ணாக்கிக்குவாங்க?"

"ஆமாக்கா" என்றான். விளக்கத் தெம்பில்லை.

இலையுதிர்காலத்தில் நிறுவன வீரர்களின் தேசியப் போட்டி வந்தது. போகாமல் இருக்கலாமா என்று பார்த்தான். போகாமலும் இருக்க முடியவில்லை. உடம்பு அதற்குத்தான் பழகியிருந்தது. எதிரில் வந்தவர்களை ஒருவர் பின் ஒருவராக வெளியே எறிந்தான். இறுதியில் மோதியவன் கல்லூரி முடித்த கையோடு வந்தவன், நல்ல வேகக்காரன். அவனையும் விளிம்பில் வைத்து, இம்முறை கை தளராமல், முழு மூச்சோடு தள்ளினான். அவன் பார்வையாளர் வரிசை வரைக்கும் போய் விழுந்தான்.

கோப்பையைக் கொடுத்தார்கள். இடுப்பு உயரம் இருந்தது. படம் எடுத்து முடித்ததும் புதிதாகச் சேர்ந்த பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி ஒலிவாங்கியோடு ஓடி வந்தாள்.

"ரெண்டாவது பட்டம், வாழ்த்துகள்! எல்லாரும் கேக்குற கேள்விதான். தொழில்முறைக்கு எப்போ போறீங்க?"

"வயசு தாண்டிடுச்சு."

அவள் முகம் சட்டென்று மாறியது. "ஐயோ, மன்னிச்சிடுங்க. பெரிய நஷ்டம்..." என்று குனிந்து வணங்கினாள். பிறகு அவன் தோளுக்கு மேலாகத் தேடி, மண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற இரண்டாமவனைப் பார்த்து, "அவருக்கு இருபத்திரண்டு தானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அந்தப் பக்கம் ஓடினாள். ஒளிப்படக்காரர்களும் பின்னால் போனார்கள்.

தெமூலென் கோப்பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். கீழே வைக்கலாம்தான். எங்கே வைப்பது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.