போயிட்டு

அந்த வடக்கு நாட்டில், வாசலில் நின்று என்ன சொல்லிவிட்டுக் கிளம்புகிறோமோ அதைச் சாலை நடத்திவைக்கும். மற்றபடி பஸ்கள் ஒழுங்காக ஓடும்.

என் மனைவி கோமு மகளின் பிரசவத்துக்காக அங்கே போனவள். பிரசவம் நல்லபடி முடிந்தது. ஊர் திரும்புகிற அன்று டாக்ஸிக்காரன் விடாமல் ஹாரன் அடித்திருக்கிறான். அவசரத்தில் மகள் வீட்டு வாசலில் 'போறேன்' என்று சொல்லிவிட்டாள். நம் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. டாக்ஸி விமான நிலையத்துக்குப் போகவில்லை. வடக்கே போனது. அதன்பிறகு அவள் எதில் ஏறினாலும் அது வடக்கேதான் போகிறது. இப்போது கடைசி ஊரில், பஸ் நிறுத்தத்தில், பெட்டியோடு உட்கார்ந்திருப்பதாக மகள் போனில் சொன்னாள். இனி ஒரு பஸ் ஏறினால் பனிக்கடல்தான். ஏறாமல் இருந்தாலும் நிறுத்தம் தினமும் கொஞ்சம் கடல்பக்கம் நகர்கிறதாம்.

நானும் அவள் தம்பி ஆவுடையப்பனும் கிளம்பினோம். ஆளுக்கொரு முதுகுப்பை. பாதி அவல், பாதி கம்பளி. அந்த நாட்டில் இறங்கித் தங்கியது இருப்பதிலேயே மலிவான விடுதி, அடுக்குக் கட்டில்கள். மேல்கட்டில் எனக்கு. இந்த வயதில் ஏணி. நடத்துகிறவள் இங்க்ரிட் என்ற அம்மாள்.

காலையில் ஆவுடையப்பன் வாசலில் நின்று, "போயிட்டு வாரோம்," என்றான். நாள் முழுக்க பஸ் ஊசிமரக் காட்டுக்குள் ஓடியது. ஒரே ஏரி இடப்பக்கமே வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் அதே விடுதி வாசலில் நின்றது. இங்க்ரிட் இரண்டு தட்டில் சூப் ஊற்றி வைத்திருந்தாள்.

மறுநாள் வாயே திறக்காமல் ஏறினோம். பஸ் கிளம்பவில்லை. யாரும் கோபப்படவில்லை. முன்சீட்டுப் பெண் ஸ்வெட்டரில் ஒரு கை முழுக்கப் பின்னி முடித்தாள். இறங்கிவிட்டோம்.

'போறேன்' என்று சொன்னால் கோமுவிடம் போய்ச் சேரலாம். பிறகு இரண்டு பேருமாகக் கடலுக்குப் போகலாம். வேறு யோசனை இருந்தால் சொல்லச் சொன்னேன்.

"வாய மூடுனா பஸ் ஓடமாட்டேங்கு, தொறந்தா திரும்புது. பாதி தொறந்து பாருங்க அத்தான்," என்றான். கேலிக்குத்தான் சொன்னான்.

அடுத்த நாள் அவனை விடுதியிலேயே விட்டேன். அவன் நாக்கு நிற்காது. வாசலில் நின்று, "போயிட்டு," என்றேன். மிச்சத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டேன்.

பஸ் கிளம்பியது. ஏரி வலப்பக்கம் வந்தது.

மிச்சச் சொல் கொட்டைப்பாக்கு மாதிரி கன்னத்தில் கிடந்தது. நாளாக ஆகக் கனத்தது. நனைத்த அவலைப் பல்லிடுக்கில் தள்ளினேன். பஸ் மாறுகிற இடங்களில் பெஞ்சில் படுக்கும்போது வாயைத் துண்டால் கட்டிக்கொண்டேன். தூக்கத்தில் நழுவினால் பழையபடி இங்க்ரிட்டின் சூப்தான். ஒரு டிரைவர் பல்வலி என்று நினைத்து லவங்கம் கொடுத்தார். வாங்கிப் பைக்குள் போட்டேன்.

கடைசி ஊரில் நிறுத்தம் பனிக்கடலுக்கு ஓரமாக வந்திருந்தது. நாலைந்து பேர் நின்றார்கள். கோமு மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள்.

"பல்வலியா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"தம்பி எங்க?"

தெற்கே கை காட்டினேன்.

"இம்புட்டு தூரம் வந்து ஒரு வார்த்தை பேசக் கூடாதா? வாழ்க்கைப்பட்ட நாள்லருந்து இதேதான்," என்றாள். கடலுக்குப் போகிற பஸ் வந்து, கதவை அவளுக்கு நேராகத் திறந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"வாரோம்," என்றேன்.

இருவரும் ஏறினோம். பஸ் தெற்கே திரும்பியது.

'வாரேன்' என்றால் அவள் அங்கேயே நின்றுவிடுவாள். அதனால்தான் 'வாரோம்'. முன்னால் 'நாங்க' என்று ஒரு சொல் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. சாலை 'நாம' என்று எடுத்துக்கொண்டது.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் விடுதி வாசலில் இறங்கினோம். ஆவுடையப்பன் அக்காவின் பெட்டியை வாங்கிக்கொண்டு அழுதான். எங்கள் பின்னாலேயே நிறுத்தத்தில் நின்றவர்கள் வந்தார்கள். அப்புறம் நிறுத்தம். அப்புறம் மீன்கடை, தபாலாபீஸ், புகைபோக்கியில் புகையோடு வீடுகள். இங்க்ரிட் தட்டு வைத்துக்கொண்டே போனாள்.

கடைசியாகக் கடல் வந்தது. வாசலில் தயங்கி நின்றது.

"உள்ள வரச் சொல்லுங்க," என்று கோமு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தாள். இங்க்ரிட் பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கினாள்.