சர்க்கரைத் தண்ணீர்

சர்க்கரை நோயாளிகளுக்காக மருத்துவமனை நடத்திய உடற்பயிற்சி வகுப்புதான் தையல்காரம்மாவைப் பிடித்து நிறுத்தியிருந்தது. அது இல்லாவிட்டால் பழையபடி ஊதிவிடுவோம் என்று உள்ளூர நடுக்கம். சர்க்கரையால் அக்காவுக்குக் கால் போனதைக் கண்ணால் பார்த்தவள் ஆயிற்றே.

"செலவு கட்டுப்படியாகலையாம், பாதிப் பேரை நிறுத்தப்போறாங்களாம்," என்றாள் கூட நடக்கும் வாயாடி. "குணமானவங்களுக்கு இனி எதுக்கு வகுப்பு? நீ ஊசி மாதிரி ஆயிட்டே, முதல்ல நீதான்டி வெளியே!"

பாவி மகள் தையல்காரம்மா, என்ன செய்தாள் தெரியுமா? பரிசோதனைக்குப் புறப்படுமுன் ஒரு சொம்புத் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டாள்.

விரலில் குத்திப் பார்த்த நர்ஸுக்கு முகம் வாடிப்போயிற்று. "என்னம்மா இப்படி ஏறிக் கிடக்கு? பலன் தெரியறவங்களுக்கு மட்டும்தான் இனி வகுப்பாம். உங்களைத்தான் நான் நம்பியிருந்தேன்."

"ஐயோ, நான் சர்க்கரைத் தண்ணி குடிச்சிட்டு வந்தேன் தாயி!"

"எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்றாங்கம்மா."

"இந்த விரல்ல குத்திப் பாரு கண்ணு. இல்லாட்டி இதுல..." ஒவ்வொரு விரலாக நீட்டிக்கொண்டே இருந்தாள். நாக்கில் அந்த இனிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.