டிரைவரின் தக்காளிப் பாத்தி

தபால் நிலையக் கவுண்டரில் ஆயுளில் பாதியை முத்திரை குத்தியே கழித்த அந்த அம்மாளுக்கு, ஓய்வு பெற்ற பிறகு ஒரு பேட்ஜ் கிடைத்தது. நகராட்சி நடத்திய தோட்டப் பயிற்சிக்குக் குளிர்காலம் முழுக்கப் போய், பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி வாங்கியது. 'பயிற்சி பெற்ற தன்னார்வத் தோட்ட ஆசிரியர்' என்று அதில் எழுதியிருக்கும். பால் வாங்கப் போனாலும் அதைக் குத்திக்கொண்டுதான் போவாள். அதனால் தெருவில் பேட்ஜ் அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் காதுபடாமல்தான் சொன்னார்கள் என்று சொல்வதற்கில்லை. காதில் பட்டது, அவளுக்கும் அது பிடித்திருந்தது என்பதுதான் வேடிக்கை.

ரயில் தண்டவாளத்தை ஒட்டித் தெருக்காரர்களின் பொதுத் தோட்டம். ஆளுக்கொரு பாத்தி. சனிக்கிழமை காலைகளில் அதன் வாசலில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு உட்காருவாள். செடி வாடியவர்கள், பூச்சி விழுந்தவர்கள், சும்மா வாயை மெல்ல வந்தவர்கள் எல்லோருக்கும் அங்கே பதில் உண்டு. சம்பளம் கிடையாது. சம்பளம் கொடுத்திருந்தால் இவ்வளவு சிரத்தையாகப் பார்த்திருப்பாளா என்பதும் சந்தேகம்தான்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று அவள் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. கேட்க வந்தவரைக் குறை சொல்லாதே. சொன்னால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார், செடியையும் விட்டுவிடுவார். எனவே, 'இது உங்க தப்பு இல்ல' என்று பேச்சை ஆரம்பி. அவளும் ஆரம்பித்தாள், ஆள் வித்தியாசம் பார்க்காமல். கள்ளிச்செடிக்கு மாத்திரை கொடுக்கிற மாதிரி மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றி அழுகவைத்த மருந்துக்கடைக்காரரிடம், "இது உங்க தப்பு இல்ல சார், தொட்டியில ஓட்டை சின்னது" என்றாள். துணி அலசிய சோப்புத் தண்ணீரைக் கீரைக்குத் திருப்பிவிட்டு மொத்தமாகச் சாகடித்த லாண்டரிக்காரம்மாவிடமும் அதையேதான் சொன்னாள்.

"நாளைக்கு நான் யாரையாவது குத்திட்டு வந்து நின்னாலும், 'இது உங்க தப்பு இல்லம்மா, கத்தி கூர் ஜாஸ்தி'ன்னு சொல்லும்" என்று லாண்டரிக்காரம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

வெயில் ஏற ஆரம்பித்த நாட்களில் டிரைவர் அந்த மேசைக்கு வந்தார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சும்மா நிற்கும்போதும் கை இரண்டும் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி பாதி மடங்கியே இருக்கும். அவர் வீட்டுச் சமாச்சாரம் தெருவுக்கே தெரியும். மனைவிக்கு உடம்பு முடியவில்லை. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கட்டில் ஜன்னலோரத்துக்கு வந்துவிட்டது.

"மேடம், எனக்குத் தக்காளி போடணும்."

"போட்டுரலாம்ணே. இதுக்கு முன்னாடி ஏதாவது வளர்த்திருக்கீங்களா?"

"மீசைதான்."

பேட்ஜ் அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"எனக்குக் கைராசி கிடையாது மேடம். கல்யாணமான புதுசுல அவ வச்ச ரோஜாவுக்கு ஒரே ஒரு நாள் நான் தண்ணி ஊத்தினேன். பட்டுப்போச்சு. அன்னையிலேருந்து என்னைச் செடிப் பக்கமே விடமாட்டா. இப்ப அவளே கேக்குறா. 'உங்க கையால ஒரு தக்காளி வெளைஞ்சு, அதைத் தின்னுட்டுத்தான் போவேன். அதுவரைக்கும் வர்றவன் வாசல்லயே நிக்கட்டும்'ங்கிறா. நக்கல்தான். ஆனா கேட்டுட்டா." கொஞ்சம் நிறுத்தி, "எப்ப காய்க்கும்?" என்றார்.

அந்தக் கேள்வி பேட்ஜ் அக்காவை உலுக்கிவிட்டது. எழுந்து, தோட்டத்துக் கொட்டகைக்கு அவரைக் கூட்டிப் போய், தன் பாத்திக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்த குதிரை எருவைக் காட்டினாள். ஊருக்கு வெளியே இருக்கும் குதிரை லாயத்திலிருந்து அவளே வண்டி வைத்துக் கொண்டுவந்தது. நன்றாக மட்கி, காப்பித்தூள் மாதிரி கறுத்து, உதிரியாக இருந்தது.

இதில் ஒரு விஷயம். வெளியிலிருந்து வரும் எருவை அப்படியே பாத்தியில் போடக் கூடாது. முதலில் ஒரு தொட்டியில் அந்த எருவைக் கலந்து பீன்ஸ் விதை ஊன்றிப் பார்க்க வேண்டும். குதிரை தின்ற புல்லுக்கு யாராவது களைக்கொல்லி அடித்திருந்தால், அந்த விஷம் குதிரையின் வயிற்றைத் தாண்டி எருவிலும் தங்கும். குதிரைக்கு ஒன்றும் ஆகாது, புல்லுக்கும் ஆகாது. பீன்ஸும் தக்காளியும்தான் சுருண்டு போகும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். மேசைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒப்பித்தவளும் அவள்தான். ஆனால் பீன்ஸ் முளைத்து, இலை விட்டு, அது நேராக வருகிறதா என்று பார்த்து முடிக்கும்வரை ஜன்னலோரத்தில் இருக்கும் அம்மாள் காத்திருக்க வேண்டுமே. லாயத்துக்காரர் நல்ல மனிதர். எருவைப் பார்த்தாலே ஆசையாக இருந்தது. சாக்கின் அடியில் ஒட்டியது போக மொத்தத்தையும் டிரைவரின் பாத்தியில் கொட்டிக் கலந்துவிட்டாள். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

டிரைவர் காலையும் மாலையும் வந்தார். தொடுவதற்கே பயந்து, குழந்தைக்கு வாயைத் துடைத்துவிடுகிற மாதிரி நாற்றுகளுக்கு மண் அணைத்தார். முதலில் நன்றாகத்தான் வந்தன. பிறகு கொழுந்து இலைகள் விரல் மடக்கின மாதிரி உள்பக்கமாகச் சுருண்டன. தண்டு முறுக்கிக்கொண்டது. பூ வரவே இல்லை. பக்கத்துப் பாத்தியில், கிடைத்த தண்ணீரையெல்லாம் ஊற்றி, நினைத்தபோது எட்டிப்பார்க்கும் லாண்டரிக்காரம்மாவுக்குத் தக்காளி கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

"பாத்தீங்களா மேடம்? நான்தான் சொன்னேனே."

பேட்ஜ் அக்கா குனிந்து ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள். மனதின் ஒரு மூலையில் என்னமோ நெருடியது. அதை அந்த மூலையிலேயே உட்காரவைத்துவிட்டு, "வைரஸா இருக்கும்ணே. இது உங்க தப்பு இல்ல" என்றாள்.

அவர் தலையாட்டினார். நம்பினதாகத் தெரியவில்லை.

கடைசியில் லாண்டரிக்காரம்மாவே மனம் கேட்காமல் தன் தக்காளியில் நல்லதாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தாள். "உங்க பாத்தியில வெளைஞ்சதுன்னு சொல்லிக் குடுங்கண்ணே. தக்காளி என்ன வாயைத் திறந்து சொல்லவா போகுது?" டிரைவருக்குத் தனியாகப் போய்ப் பொய் சொல்லத் தைரியம் இல்லை. பேட்ஜ் அக்காவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அறையில் மருந்து வாசனையும் அப்போதுதான் துடைத்த தரையின் ஈரமும் இருந்தன. டிரைவர் தக்காளியை மெல்லிசாக நறுக்கி, உப்புத் தூவி, ஸ்பூனால் ஊட்டினார். அந்த அம்மாள் மெதுவாக மென்றாள். புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது நம்ம பாத்தியிலதா?"

"ஆமா."

"ஏங்க, இத்தனை வருஷம் பஸ் ஓட்டினீங்க. பின்னாடி பஸ் காலியா வருதுன்னு ஒரு பொய் சொல்லி ஒருத்தரையாவது இறக்கிவிட்டிருக்கீங்களா? வராத வேலை எதுக்கு?" இருமிக்கொண்டே சிரித்தாள். "லாண்டரிக்காரி தக்காளிதானே. நல்லாத்தான் இருக்கு, குடுங்க." பிறகு பேட்ஜ் அக்காவின் பக்கம் திரும்பி, "நீங்க வருத்தப்படாதீங்க. இவர் கை அப்படி. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்றாள்.

பேட்ஜ் அக்காவின் நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. எரு என்னுடையது, சோதிக்காமல் போட்டுவிட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அடுத்த வாரம் அந்த அம்மாள் போய்ச்சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து டிரைவர் தோட்டத்துக்கு வந்து, சுருண்ட செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பேட்ஜ் அக்கா பக்கத்தில் போய் நின்றாள். அவர் நிமிரவில்லை.

"நான் தொட்டது எதுவும் தேறாது மேடம். கடைசியில மருந்து, கஞ்சி எல்லாம் நான்தான் குடுத்தேன். நர்ஸ் வைக்கலாம்னு மக சொன்னா. வேண்டாம், நானே பாத்துக்கறேன்னுட்டேன். வச்சிருக்கணும். வேற கையா இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பா."

மூலையில் உட்காரவைத்தது எழுந்து வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஒரு தக்காளிப் பாத்தி பட்டுப்போனதோடு கதை முடியவில்லை என்று அப்போதுதான் பேட்ஜ் அக்காவுக்கு உறைத்தது. அந்த மனிதர் பெண்டாட்டி செத்ததற்கே தன் கையைக் காரணம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் அவள் டிரைவர் வீட்டுக்குப் போனாள். பேட்ஜ் குத்தாமல் போனாள். தெரு முதலில் கவனித்தது அதைத்தான். டிரைவர் டீ போட்டுக் கொடுத்தார். அவள் கோப்பையைத் தொடாமலே ஆரம்பித்தாள்.

"அண்ணே, அது உங்க தப்பு இல்ல."

"தெரியும் மேடம்."

"இல்லண்ணே, நிஜமாவே. எரு என்னோடது. அதுல களைக்கொல்லி இருந்திருக்கும்னு நெனைக்கிறேன். விதை போட்டுப் பாத்துட்டுத்தான் போடணும். எனக்குத் தெரியும். அவசரத்துல பாக்கல. அன்னைக்கே சந்தேகம் வந்துச்சு, வாயைத் திறக்கல."

அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு, "மருந்துக்கடைக்காரர்கிட்ட தொட்டியில ஓட்டை சின்னதுன்னீங்க" என்றார். "லாண்டரிக்காரம்மாகிட்டயும் இதையேதான் சொன்னீங்க. எனக்காகப் பழி போடக் குதிரையையே கூட்டிட்டு வந்திருக்கீங்க. உங்களுக்கு நல்ல மனசு மேடம். டீ ஆறுது, குடிங்க."

அவள் குடித்தாள்.

வேறு வழியில்லாமல், முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தாள். சாக்கின் அடியில் ஒட்டியிருந்த எருவைச் சுரண்டி ஒரு தொட்டியில் கலந்தாள். இன்னொன்றில் வெறும் மண். இரண்டிலும் ஒரே பொட்டலத்து பீன்ஸ். தன் வீட்டு ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். முளைத்தன. வெறும் மண்ணில் இலைகள் உள்ளங்கை மாதிரி விரிந்தன. எரு மண்ணில் வந்தவை கிண்ணம் மாதிரிக் குவிந்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டு நின்றன.

துணி கொடுக்க வந்த லாண்டரிக்காரம்மா இரண்டையும் பார்த்துவிட்டாள். "என்னக்கா, ஒண்ணு சவலைப் பிள்ளையா இருக்கு?"

பேட்ஜ் அக்கா மறைக்காமல் சொன்னாள். லாண்டரிக்காரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

"சொல்லாதீங்கக்கா. அந்த மனுஷன் இப்பத்தான் வேளைக்குச் சாப்பிடறார். இதைக் கொண்டுபோய்க் காட்டி யாருக்கு என்ன ஆகப்போகுது? உங்க பேருதான் கெடும்."

"கெடட்டும். அவர் தன் கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்."

லாண்டரிக்காரம்மா பெருமூச்சு விட்டாள். வாய்தான் அப்படி, மனசு அப்படி இல்லை. ஒரு தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

டிரைவர் இரண்டு தொட்டிகளையும் மேசைமேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். சுருண்ட இலையை நுனி விரலால் பிரிக்கப் பார்த்தார். அது மறுபடியும் மடங்கிக்கொண்டது.

"தண்ணி ஊத்தினது யாரு?"

"ரெண்டுக்கும் நான்தாண்ணே."

"என் கை படவே இல்ல."

"படல."

"அப்ப, அந்த எரு மட்டும் இல்லாம இருந்திருந்தா, அவ என் தக்காளியைத் தின்னுட்டுப் போயிருப்பா."

லாண்டரிக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேட்ஜ் அக்கா, "ஆமா" என்றாள்.

"என் கைதான்னு நெனைச்சுக்கிட்டிருந்தப்ப ஒரு மாதிரி பொறுத்துக்க முடிஞ்சது மேடம். என் பொண்டாட்டி, என் கை. அவ காலம் பூரா திட்டின திட்டுதானே, எங்களுக்குள்ள. இப்ப எவனோ ஒருத்தன் எந்தப் புல்லுக்கோ அடிச்ச மருந்துன்னா, நான் யார்மேல கோவப்படறது? இதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவர் தொட்டிகளைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னார். வாசல்வரைகூட வரவில்லை.

அந்த மண்ணை அப்படியே விட்டால் அடுத்து வருகிறவருக்கும் இதே கதிதான். பேட்ஜ் அக்கா மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக அந்தப் பாத்தியைத் தோண்ட ஆரம்பித்தாள். தண்டவாளத்துப் புல்சரிவில் மெலிசாகப் பரப்பிவிட வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் திணறுவதைத் தெரு வேலியோரம் நின்று பார்த்தது. ஆளாளுக்கு ஒரு கதை கட்டியது. ஒருவரும் உள்ளே வரவில்லை.

டிரைவர் வந்தார். அவள் கையிலிருந்த தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டார். அவள் வெட்டிப் போட்டாள், அவர் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டினார். பல நடை ஆயிற்று.

"எப்ப சரியாகும்?"

"தெரியலண்ணே. ஒரு வருஷம் ஆகலாம், மேலயும் ஆகலாம். புல்லு வரும். வேற எதுவும் வராது."

அவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு ரயில் கடந்து போனது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம் மேடம். அவ முன்னாடி, தக்காளி தின்னுக்கிட்டிருந்தப்ப. உங்களை நல்லாக் கிண்டல் பண்ணியிருப்பா. என்னையும்தான். அவ்வளவுதான் ஆகியிருக்கும்."

"ஆமாண்ணே."

பேட்ஜ் அக்கா குனிந்து அடுத்த வெட்டு மண்ணை அள்ளி வண்டியில் போட்டாள்.