வலிக்கவே வலிக்காதவரின் சைக்கிள்

இரவுப் பணி முடித்து, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தின் ஆவி இன்னும் முகத்தை விட்டுப் போகாமல், அந்த சைக்கிள் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஆனால் என் வீட்டுக்காரரைத் தனியாக விட்டால் காரியம் கெட்டுவிடும்.

வேலை போனதிலிருந்து அவரைப் படுக்கையிலிருந்து எழுப்புவது இந்த ரோட் பைக், அதாவது குனிந்து ஓட்டும் பந்தய சைக்கிள், ஒன்றுதான். பழைய வண்டியில் குனிந்து குனிந்து அவர் கழுத்து போயிற்று, தைலம் தேய்த்துத் தேய்த்து என் கட்டைவிரலும் போயிற்று. வலி என்று மட்டும் சொல்ல மாட்டார். "சின்னப் பிடிப்பு" என்பார். உடம்புக்குப் பொருந்தாத வண்டியை மறுபடி வாங்கினால் ஓட்டுவதையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மறந்தால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அந்த முதுகை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கடையில் அளவெடுக்கவென்றே ஒரு வண்டி இருந்தது. சீட்டையும் ஹேண்டில்பாரையும் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கலாம், மிதித்தாலும் நகராது. அதில் ஏறியதுதான் தாமதம், மனிதர் ஆளே மாறிவிட்டார். தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு, பந்தயத்துக்குப் போகும் இளவட்டம் மாதிரி குனிந்தார்.

"எங்கயாவது வலிக்குதா சார்?" என்றார் கடைக்காரர்.

"சேச்சே. இன்னும் இறக்குங்க."

இறக்கினார். இவர் மெல்ல ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். பல் பிடுங்கும்போதும் இதே பாட்டுதான்.

கடைக்காரர் டேப்பை எடுத்ததும் அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். "இப்ப அளக்காதீங்க. வாசல்ல போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அவர் மிதிச்சிட்டே இருக்கட்டும்."

நாற்காலிக்குத் திரும்பி, தூங்குவதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டேன். பார்க்க ஆளில்லை என்றானதும் முதலில் தொந்தி வெளியே வந்தது. அப்புறம் முழங்கை விறைத்தது. இடுப்பு சீட்டில் முன்னால் நகர்ந்தது. பாட்டு நின்றது. ஒரு கையை எடுத்துப் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வந்து அளந்துக்கோங்க," என்று குரல் கொடுத்தேன்.

"நீ தூங்கலையா?" அவர் முகம் சுண்டிவிட்டது. "கடையில வச்சு மானத்த வாங்குறியே."

கடைக்காரர் ஹேண்டில்பாரை நன்றாக உயர்த்தி, அருகில் கொண்டுவந்தார். "உங்களுக்கு நீளம் கம்மியா, முன்பக்கம் உசரமா இருக்கிற ஃபிரேம்தான் சார் சரிப்படும்."

"அதெல்லாம் கிழவங்க ஓட்டுறது."

"நீங்க மட்டும் யாராம்?" என்றேன். "இனிமே தேய்க்க எனக்கு விரல் இல்லைங்க."

மறுபடி மிதித்தார். முழங்கை தானாக இளகியது. தோள் இறங்கியது. நெடுநேரம் பாட்டே வரவில்லை.

"இதுல வலிக்கல," என்றார் கடைசியில். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அதுல ரொம்ப வலிச்சுது," என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. அழக்கூடத் தெம்பில்லை.

"தெரியுங்க," என்றேன். "மிதிங்க."