வந்தும் வராதவர்கள்

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. பத்து மணிக்கே மிருகக்காட்சி சாலை வாசலில் வரிசை நின்றது. வாசல் காவலர் டாவு ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேராகக் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டி, "முப்பத்தாறு. போங்க" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கருவியில் பேட்டரி தீர்ந்து எட்டு மாதமாகிறது. நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வரவில்லை, அதனால் அவரும் நிறுத்தவில்லை.

டாவு பழைய பட்டாளத்துக்காரர். கொரோனா காலத்தில் அவருக்கு மூன்று உத்தரவுகள் போட்டிருந்தார்கள்: நெற்றியைப் பார், கையைக் கழுவச் சொல், பேரை எழுத வை. மூன்றையும் இன்றுவரை காப்பாற்றி வந்தார். கை கழுவும் பீப்பாயில் குழாய் உடைந்துபோனதால் ஒரு குவளையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். குடும்பத்தில் ஒருவர் தன் பேரையும் போன் நம்பரையும், கூட எத்தனை பேர் என்பதையும் நோட்டில் எழுதினால்தான் டிக்கெட் ஜன்னலுக்கே போகலாம். நிரம்பிய நோட்டுகள் அவர் நாற்காலிக்கு அடியில் தூசி படிந்து கிடந்தன. யாரும் அவற்றைத் திறந்து பார்த்ததில்லை.

ஜன்னலுக்குள் லியோப் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலி. ஒரே துணியில் தைத்த சட்டையும் கவுனுமாக ஏழு பேர் குடும்பம் ஒன்று வந்து நின்றது.

"பெரியவங்களுக்கு ஐநூறு நைரா, பிள்ளைங்களுக்கு இருநூறு" என்றாள் லியோப்.

"அக்கா, ஏழு பேரு. ஈஸ்டருக்குத் துணி எடுத்ததுலயே என் பர்சு செத்துப்போச்சு. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றான் குடும்பத்தலைவன்.

லியோப் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு டிக்கெட் வேணுமா, உள்ள போகணுமா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "டிக்கெட்டை வச்சு நான் என்ன சூப்பா வைக்கப்போறேன்? உள்ள போனாப் போதும்."

இரண்டாயிரம் ஆக வேண்டிய இடத்தில் ஆயிரம் கைமாறியது. டிக்கெட் கிழியவில்லை. அந்த ஆயிரம் மேசை டிராயருக்குப் போகாமல் லியோப்பின் இடுப்பு முடிச்சுக்குப் போனது. "கர்த்தர் உங்களை நல்லா வைக்கட்டும் அக்கா" என்று அவன் வாழ்த்திவிட்டுப் போனான். இத்தனை மலிவாக ஆசீர்வாதம் எங்கே கிடைக்கும்?

லியோப் கெட்டவள் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். ஊரடங்கில் ஆறு மாதம் மிருகக்காட்சி சாலை மூடிக் கிடந்தபோது சம்பளமே இல்லை. அவள் புருஷன் பித்ருஸுக்கு அங்கேயே சிங்கக் கூண்டில் வேலை. அவன் வீட்டுக்கு வராமல் கூண்டுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்து, கசாப்புக் கூடத்தில் குடலும் கொழுப்பும் கெஞ்சி வாங்கி சிங்கத்தைக் காப்பாற்றினான். திறந்த பிறகும் பாதிச் சம்பளம்தான். அப்போது ஒருநாள் மூன்று பிள்ளைகளோடு வந்த ஒருத்தி, கையில் முந்நூறு நைராதான் இருக்கிறது என்று கண் கலங்கினாள். லியோப் அவளை உள்ளே விட்டாள். அது நிஜமான இரக்கம். ஆனால் அந்த முந்நூறுக்குக் கிழிக்க டிக்கெட் இல்லாததால் அது அவளிடமே தங்கிவிட்டது. தேனெடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்? அடுத்த மாதம் வாரத்துக்கு நாலு குடும்பம், அப்புறம் நாளுக்குப் பத்து. இப்போது வருகிறவர்களில் பாதிக்கு மேல் அந்த வழிதான். கொடுக்கிறவனுக்கும் லாபம், வாங்குகிறவளுக்கும் லாபம், யாருக்கும் நஷ்டமில்லை என்றே அவள் நம்பினாள்.

மதியம் பித்ருஸ் ஜன்னல் பக்கம் வந்தான். கையில் அச்சாத் தானியக் கஞ்சிப் பாத்திரம் இருந்தது. அவன் அதைத் திறக்கவில்லை.

"சோமோ அம்மா, வியாழக்கிழமை ஒரு கடிதாசி வந்திருக்காம். நம்ம மிருக டாக்டர் இப்பத்தான் சொன்னாரு. செவ்வாய்க்கிழமை அமைச்சகத்துலேர்ந்து ஒரு மேடம் வர்றாங்க."

"எதுக்காம்?"

"சிங்கத்தை எடுத்துடப் போறாங்களாம். ஜாஸ் ரோட்டுல புதுசா பங்களா கட்டியிருக்காரே ஒரு பெரிய மனுஷன், அவரு கேட்டிருக்காராம். கேட்டுக்குப் பக்கத்துல கூண்டு கட்டி வைக்கிறதுக்கு. வர்றவன் போறவன் பயப்படணுமாம். நம்ம லாமி அவருக்கு அழைப்பு மணி."

லாமி, வியாழக்கிழமை பிறந்ததால் அந்தப் பேர் பெற்ற பெண் சிங்கம். பிறந்த அன்றே தாய் செத்துப்போனதால் பித்ருஸ்தான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தான். லியோப்பின் மகள் சோமோவும் லாமியும் ஒரே வருடத்துப் பிள்ளைகள்.

"ஏன் எடுக்கணும்?" என்று லியோப் கேட்டாள்.

"ஆளே வர்றதில்லையாம். டிக்கெட் புத்தகத்தைப் பார்த்தா நாளுக்கு முப்பது பேருகூடத் தேறலையாம். முப்பது பேரு பார்க்கிறதுக்கு எதுக்குச் சிங்கம், எதுக்கு அதுக்கு மாட்டிறைச்சி, எதுக்கு அதுக்கு ஒருத்தன்னு எழுதியிருக்காங்க. ஏற்கெனவே இறைச்சியை வாரத்துக்கு மூணு நாளாக் குறைச்சாச்சு. அவளோட விலா எலும்பை நான் தூரத்துலேர்ந்தே எண்ணுறேன்." அவன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். "எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. கூண்டுக்கு முன்னாடி நின்னா கூட்டம் என்னைத் தள்ளுது. புத்தகத்துல மட்டும் ஆளே இல்ல. இவங்கல்லாம் பேயா?"

லியோப்பின் இடுப்பு முடிச்சு திடீரென்று கல் கட்டியதுபோல் கனத்தது. பித்ருஸ் பாத்திரத்தைத் திறக்காமலே திரும்பிப் போனான்.

அன்று மாலைவரை அவள் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. சொன்னால் வேலை போகும், போலீஸ்கூட வரலாம். சொல்லாவிட்டால் லாமி போவாள், பின்னாலேயே பித்ருஸின் வேலையும் போகும். கடைசியில் ஒரு வழி தோன்றியது. இனி ஒரு தலைகூட விடாமல் டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான். ஈஸ்டர் திங்கட்கிழமை ஊரே திரண்டு வரும். அந்தக் கூட்டம் புத்தகத்தில் ஏறிவிட்டால் மேடம் மனம் மாறிவிடுவார். பழசை யார் கிளறப் போகிறார்கள்?

அப்படியே செய்தாள். பேரம் பேசியவர்களையும் கெஞ்சியவர்களையும் கண்டுகொள்ளவில்லை. வாழ்த்தியவர்கள் வாயிலிருந்தே அன்று வசவும் வாங்கினாள். திங்கட்கிழமை சாயங்காலம் புத்தகத்தில் நானூற்றிரண்டு என்று எழுதியபோது அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா. செவ்வாய் காலை வாசலுக்குள் நுழையும்போது டாவுவின் நாற்காலிக்கு அடியில் கிடந்த நோட்டுகள் கண்ணில் பட்டன. ஒரு வருடத்துக்கும் மேலான பெயர்கள். யார் வந்தார்கள், எத்தனை பேர் என்று தேதி போட்டு அவரவர் கையெழுத்தில் இருந்தது. இத்தனை நாளும் பக்கத்திலேயே இருந்தும் அவற்றை அவள் இப்போதுதான் பார்த்தாள். மேடம் கையில் இவை கிடைத்தால் டிக்கெட் புத்தகத்தின் பொய் வெளியே வந்துவிடும்.

"டாவு அண்ணே, அந்தப் பழைய நோட்டையெல்லாம் வெளியே அகாரா வடை சுடுற அக்காகிட்டப் போட்டுடலாமா? வடையைச் சுத்திக் குடுக்கப் பேப்பர் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"உத்தரவு வந்திருக்கா?"

"டாக்டர் சொன்னாரு."

"அப்ப எடுத்துக்கோ" என்றார் டாவு. உத்தரவு என்றால் அவருக்கு வேறு கேள்வி கிடையாது. ஆறு நோட்டுகளும் லியோப்பின் பைக்குள் போயின. அகாரா கடைக்கு அவள் நடப்பதற்குள் அமைச்சக வண்டி வந்து நின்றுவிட்டது. எல்லோரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

மேடம் தலாத்து ஐம்பது வயதைத் தாண்டியவர். டிக்கெட் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் புரட்டினார். மேசைக்கு எதிரே டாக்டர் சுவாங் நின்றார். மிருக வைத்தியர், மிருகக்காட்சி சாலைக்கும் அவர்தான் பொறுப்பாளர். பித்ருஸ் சுவரோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். லியோப் கதவுக்குப் பக்கத்தில், பையை மார்போடு அணைத்திருந்தாள்.

"போன வருஷம் ஈஸ்டர் திங்கட்கிழமை தொண்ணூத்தாறு பேரு" என்றார் மேடம். "இந்த வருஷம் நானூத்திரண்டு. வியாழக்கிழமை என் கடிதாசி வருது, அடுத்த திங்கட்கிழமை கூட்டம் நாலு மடங்கு ஆகுது. டாக்டர், என் கடிதாசியில என்ன மந்திரம் எழுதியிருந்தேன்?"

"மேடம், நேத்து நிஜமாவே கூட்டம். நான் கண்ணால பார்த்தேன்."

"நீங்க பார்த்திருப்பீங்க. உங்க சிங்கத்தைக் காப்பாத்த என்ன வேணும்னாலும் பார்ப்பீங்க. சிங்கம் போறது வேற விஷயம். அரசாங்கப் புத்தகத்துல பொய் எழுதினதுக்கு நான் உங்க மேல அறிக்கை குடுக்கணும். பொறுப்பு உங்களோடது."

லியோப் ஒரு வருடத்துக்கு மேல் பொய் எழுதினாள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் உண்மையை எழுதினாள். அதை நம்ப ஆளில்லை. ஊரடங்கில் தன் சொந்த ஆட்டை அறுத்து லாமிக்குப் போட்டவர் அந்த டாக்டர். அவர் காதோரம் வேர்வை இறங்கியதைப் பார்த்ததும் லியோப்புக்குத் தன் மேல் அருவருப்பு வந்தது.

"டாக்டர் பொய் எழுதல மேடம்" என்றாள். "நேத்து எழுதினதுதான் நிஜம். மத்த நாளெல்லாம் நான் எழுதினதுதான் பொய்."

எல்லோரும் திரும்பினார்கள். அவள் பையிலிருந்து ஆறு நோட்டுகளையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது டாவு அண்ணன் வாசல்ல எழுதி வாங்கினது. போன வருஷம் ஈஸ்டர் திங்கட்கிழமையைப் பாருங்க."

மேடம் தேதியைத் தேடிப் பிடித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டினார். பக்கம் திருப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"முந்நூத்தி எண்பத்தொன்பது" என்றார் கடைசியில்.

"தொண்ணூத்தாறு பேருக்கு டிக்கெட் குடுத்தேன். மத்தவங்ககிட்டப் பாதிக் காசு வாங்கி என்கிட்ட வச்சுக்கிட்டேன். இந்த நோட்டை வடை சுத்தக் குடுத்துடலாம்னு இன்னைக்குக் காலையிலதான் எடுத்தேன். டாவு அண்ணன்கிட்டயும் பொய்தான் சொன்னேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். நீ ஒரு ஊரையே மறைச்சிருக்கியேம்மா."

பித்ருஸ் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கோபம் இல்லை.

"காசு எடுத்தது போகட்டும்" என்றான் மெதுவாக. "லாமியைப் பார்க்க வந்தவங்களையே எடுத்துட்டியே, சோமோ அம்மா. வந்தவங்க எல்லாரையும் வரலைன்னு ஆக்கிட்டியே. அவ பட்டினி கெடந்தது உன்னாலயா?"

அவன் வெளியே போய்விட்டான். லியோப் அழுதாள். யாரும் தேற்றவில்லை, தேற்ற அங்கே என்ன இருந்தது?

லாமியை உடனே கொடுக்க வேண்டாம், ஆறு மாதம் ஒழுங்காக எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று மேடம் எழுதினார். ஆறு மாதத்தில் கூட்டம் குறைந்தால் பழைய கடிதம் மறுபடி உயிர் பெறும் என்பதையும் கீழே சேர்த்தார். லியோப்புக்கு வேலை போயிற்று. எடுத்த பணத்தைத் தவணையாகக் கட்டச் சொன்னார்கள். பித்ருஸ் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை.

அவள் இப்போது அதே வாசலுக்கு வெளியே அகாரா அக்காவோடு சேர்ந்து வடை சுடுகிறாள். வரிசையை எண்ணுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. நீளமாக இருந்தால் அன்று நிம்மதி. மழை வந்து வரிசை கலைந்தால் எண்ணெயில் வடை கருகுவதுகூடத் தெரியாமல் நிற்பாள்.

மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரே துணியில் உடுத்திய அந்த ஏழு பேர் குடும்பம் மறுபடி வந்தது. ஜன்னலில் இருந்த புதுப் பெண்ணிடம் குடும்பத்தலைவன் ஏதோ குசுகுசுத்தான். அவள் தலையாட்ட மறுத்தாள். சலிப்போடு திரும்பியவன் கண்ணில் லியோப் பட்டாள்.

"அக்கா, நீங்க இங்கயா இருக்கீங்க? நல்லதாப் போச்சு. இவங்களுக்கு நம்ம பழக்கம் தெரியல போல. டிக்கெட் இல்லாமப் பாதிக் காசுல போறதைக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

லியோப் கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, அன்னைக்கு நீங்க ஏழு பேரும் சிங்கத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம். எங்க கடைக்குட்டி இன்னும் அதையே பேசுது."

"நீங்க சிங்கத்தைப் பார்த்தீங்க. ஆனா சிங்கத்துக்கு நீங்க வரவே இல்ல. டிக்கெட் கிழியலேன்னா நீங்க வந்ததாக் கணக்கில்ல. யாருமே வரலேன்னுதான் அதுக்குக் கறியைக் குறைச்சாங்க, அதை வித்துடவும் பார்த்தாங்க. மிச்சம் பிடிச்ச ஆயிரம் உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல. அது அதோட சாப்பாடு. லஞ்சம் குடுக்கிறவனும் வாங்குறவனும் யாருக்கும் நஷ்டமில்லைன்னுதான் நினைப்பாங்க. நஷ்டப்படுறது அங்க கூண்டுக்குள்ள இருக்கு, அதுக்கு வந்து கேட்க வாய் இல்ல."

கடைக்குட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. அவன் ஜன்னலுக்குத் திரும்பி முழுப் பணத்தையும் நீட்டினான்.

"ஏழு பேரு" என்றான். "எல்லாரும் வந்திருக்கோம்னு எழுதிக்கங்க."