நன்றிக் கூட்டத்தில் ஒரு நாற்காலி

இதனால் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வட்டாரத்துச் சகல மகாஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: தென்னாட்டு மளிகை வியாபாரிகள் சங்கத்தின் உபதலைவரும், அடுத்த வாரத் தேர்தலில் தலைவராகவே ஆகிவிடப் போகிறவருமான உயர்திரு தங்கப்பாண்டி அவர்கள், எண்ணூர் முகத்துவாரத்தில் விழுந்தும் சாகவில்லை.

நோட்டீசில் இதையே 'ஆண்டவன் கிருபையால் க்ஷேமமாக உள்ளார்கள்' என்று அச்சடித்திருந்தார்கள். காலடிப்பேட்டையில் நன்றி அறிவிப்புக் கூட்டம். வருடம் ஐம்பத்திரண்டு. நாட்டில் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்று அப்போதுதான் ஆகியிருந்தது. சங்கத்துக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

விழுந்த கதை சின்னது. காட்டுப்பள்ளிப் பக்கம் உப்பு பார்க்கப் போன தங்கப்பாண்டி, திரும்பும்போது எண்ணூர்க் குப்பத்துப் படகோட்டி கோதண்டத்தின் படகில் ஏறினார். வேறு ஆள் இல்லை. முகத்துவாரத்தில் நீர் சுழிக்கும். படகோட்டி நின்று கழி ஊன்றுவார். ஏறியவர் அடிப்பலகையில் உட்கார வேண்டும். கலெக்டர் வந்தாலும் அங்கே அதுதான் வழக்கம்.

"குந்திக்கோ நைனா, ஆட்டம் கீது" என்றார் கோதண்டம்.

தங்கப்பாண்டி யோசித்தார். அவன் நிற்க, அவன் காலடியில் நான் குந்துவதா?

"நான் நிக்கேன். நீ தள்ளு."

நின்றார். கொஞ்ச தூரம் நன்றாகவே நின்றார். பிறகு விழுந்தார்.

கோதண்டம் குதித்ததும் தங்கப்பாண்டி அவர் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். முழுகுகிற மனிதர் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அப்படியே விட்டால் இரண்டு பேரும் அடிக்குப் போக வேண்டியதுதான். அதற்கு மீனவக் குப்பங்களில் ஒரே வைத்தியம் உண்டு. கோதண்டம் ஓங்கி ஓர் அறை விட்டார். பிடி தளர்ந்தது. பின்பக்கமாக அக்குளில் கை கொடுத்து, உபதலைவரை மூட்டைபோலக் கரைக்கு இழுத்துவந்து கவிழ்த்துப் போட்டார்.

மறுநாள் தங்கப்பாண்டியின் இடது கன்னத்தில் விரல்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. படகு விளிம்பு பட்டுவிட்டது என்று ஊருக்குச் சொன்னார். விளிம்புக்கு விரல் ஏது என்று யாரும் கேட்கவில்லை. மொத்த வியாபாரியிடம் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

அவர் மனைவி ஆவுடையம்மாள் மட்டும் கேட்டாள். உண்மையைச் சொன்னார்.

"அந்தக் கை நல்லா இருக்கணும்" என்றாள் அவள். "தெனமும் அதுக்குத்தான் வெளக்கு ஏத்துதேன். நீங்க நேர போயி, ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க."

தங்கப்பாண்டிக்கும் அதுதான் ஆசை. ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறுவதுபோல் இருக்கும். விழித்து, மூச்சு வருகிறது என்று தெரிந்ததும் அந்த மனிதரை நினைத்துக்கொள்வார். ஆனால் போய்ச் சொல்வது சுலபமான காரியம். ஆகவே அதைச் சங்கம் எடுத்துக்கொண்டது.

"நன்றிய நாலு பேர் பாக்கச் சொன்னாத்தான் அண்ணாச்சி நன்றி" என்றார் காரியதரிசி ஆசீர்வாதம். "தேர்தல் வேற வருது. ஆனா அந்த அறை சமாச்சாரம் மட்டும் வெளிய வரப்படாது. அறை வாங்குன தலைவருன்னு ஒருத்தன் சொல்லிட்டாம்னா, நாற்காலி போச்சு."

நாற்காலி சாதாரண விஷயமல்ல. சங்கத்தில் உட்காருவதற்கு ஒரு சாஸ்திரம் இருந்தது. மொத்த வியாபாரிக்குக் கை வைத்த நாற்காலி. சில்லறைக் கடைக்காரருக்குக் கையில்லாதது. கணக்குப்பிள்ளைக்கு பெஞ்சு. மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஜமுக்காளம். தெற்கே இவர்களுடைய பாட்டன்மாரை வேறு யாரோ தெருவிலேயே நிற்க வைத்திருந்தார்கள். ஆகவே உட்காருவதன் அருமை இவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை வீணாக்கக் கூடாது என்பதும் தெரியும்.

கோதண்டத்தை எங்கே உட்கார வைப்பது? கமிட்டி ஒரு சாயங்காலம் முழுக்க விவாதித்தது. மேடையில் என்றால் கை வைத்ததா, இல்லாததா? கையில்லாதது என்றால் சில்லறைக்காரர்கள் கோபிப்பார்கள். பெஞ்சு என்றால் கணக்குப்பிள்ளைகள். கடைசியில் ஆசீர்வாதம்தான் வழி கண்டார்.

"மேடையில நிக்கட்டும். நிக்கதுக்குத் தகராறு கெடையாது."

ஏகமனதாக நிறைவேறியது.

பிறகு ஆசீர்வாதமே கோதண்டத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். "கையப் புடிச்சித் தூக்குனேன்னு சொல்லணும். அம்புட்டுத்தான்."

"கையப் புட்ச்சா ரெண்டு பேரும் பூடுவோமே நைனா."

"சொல்லத்தானப்பா சொல்லுதேன். செய்யவா சொல்லுதேன்?"

கூட்டத்துக்கு நல்ல கூட்டம். நாற்காலிகள் சாஸ்திரப்படி நிறைந்தன. எண்ணூர்க் குப்பத்திலிருந்து வந்தவர்கள் ஜமுக்காளத்துக்கும் அப்பால் மணலில் உட்கார்ந்தார்கள். கோதண்டம் மேடைத் தூணோரம் நின்றார். விடியலுக்கு முன்பே கடலுக்குப் போய்த் திரும்பிய கால். மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டார்.

பிரமுகர்கள் பேசினார்கள். ஒருவர் நன்றியின் இலக்கணத்தை விளக்கினார். அடுத்தவர் அதை மறுத்துவிட்டு அதையே விளக்கினார். கோதண்டத்தின் பெயரை இருவருமே மறந்துபோய், 'இந்த ஏழைப் படகோட்டி' என்று சமாளித்தார்கள்.

மணலிலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது. கோதண்டத்தின் மனைவி கன்னியம்மா. "பேசறவங்கல்லாம் குந்திகினு கீறாங்கோ. குதிச்சவரு நின்னுகினு கீறாரு."

தங்கப்பாண்டி நாற்காலியில் நெளிந்தார். தான் உட்கார்ந்திருக்க அந்த மனிதர் நிற்கிறார். படகில் இப்படி இருந்திருக்க வேண்டியது.

கோதண்டத்தைப் பேசச் சொன்னார்கள்.

"அய்யா வுழுந்தாரு. நான் குதிச்சேன். என் கழுத்தக் கட்டிக்கினாரு. அப்பால..." ஆசீர்வாதத்தைப் பார்த்தார். "கையப் புட்ச்சித் தூக்கினேன்."

மணல் முழுக்கச் சிரித்தது.

"இன்னா மாமு, கதெ வுடற?" என்றான் ஒருவன். "கையப் புட்ச்சியா? அறைய மறந்துட்டியா?"

"அறையாமக் கொண்டாந்தாராம்பா. சின்னப் பசங்களுக்கே தெரியும்."

கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார். தொழில் தெரியாதவன் என்று சொந்தக் குப்பமே சிரிக்கிறது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஆசீர்வாதத்துக்குக் கொடுத்த வார்த்தை.

தங்கப்பாண்டி அதைப் பார்த்தார். ஆசீர்வாதம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டியதையும் பார்த்தார். எழுந்தார்.

"அறைஞ்சாரு" என்றார்.

மேடையின் முன்பக்கம் வந்தார்.

"என்னைய அறைஞ்சாரு. இந்தா, இந்தக் கன்னத்துல. படகு விளிம்புன்னு நான் சொன்னது பொய்யி. அந்த அறை விழலன்னா, இந்த மாலைய இன்னைக்கு என் படத்துக்குப் போட்டிருப்பீக." கழுத்து மாலையைக் கழற்றிக் கோதண்டத்துக்குப் போட்டார். "கோதண்டம் அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க உக்காரச் சொன்னீங்க. உங்க காலடியில உக்காரவான்னு நான் நின்னேன். அதான் விழுந்தேன். இன்னைக்கு நான் சொல்லுதேன். உக்காருங்க."

தன் கை வைத்த நாற்காலியைத் தானே இழுத்து வந்து போட்டார். ஒரு படகோட்டியை அண்ணாச்சி என்று கூப்பிட்டதில், கையில்லாத நாற்காலிகளில் இருந்தவர்களுக்கு மூச்சு நின்றது.

கோதண்டம் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஆட்டம் கீதா?" என்றாள் கன்னியம்மா மணலிலிருந்து.

"இல்லே. கெட்டியா கீது."

மணல் மறுபடி சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. பெண்கள் பக்கத்தில் ஆவுடையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வந்தனோபசாரம் முடியும்வரை தங்கப்பாண்டி அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார். கால் கடுத்தது. அவ்வளவு சுகமாக அவர் எங்கும் உட்கார்ந்ததில்லை.

அதற்குப் பிறகு தையில் கோதண்டம் வீட்டுக்குக் கருப்பட்டி போகும்; பதிலுக்கு வஞ்சிரம் வரும். முகத்துவாரத்தைக் கடக்கும்போதெல்லாம் தங்கப்பாண்டி, யாரும் சொல்லாமலே, கோதண்டத்தின் காலடியில் அடிப்பலகையில் குந்திக்கொள்வார். அங்கிருந்து பார்த்தால் வானம் நன்றாகத் தெரிகிறது என்று வீட்டில் சொன்னாராம்.

தேர்தலில் ஆசீர்வாதம் தலைவரானார். அவருக்கும் நீந்தத் தெரியாது.