ஆத்தாவிடம் கேட்ட உத்தரவு

வீட்டு நிலையில் வேப்பிலை சொருகிய பிறகு எங்கள் வாசலை யாரும் மிதிக்கவில்லை. எட்டு வயது மகள் சௌந்திரத்துக்கு அம்மை வார்த்திருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை யாரும் உள்ளே வரக் கூடாது, நாங்களும் வெளியே போகக் கூடாது. தாளிப்பு கிடையாது, மருந்து கிடையாது. ஊசி என்ற பேச்சே கிடையாது. மாரியாத்தா இறங்கியிருக்கும் வீட்டில் ஊசி எடுத்தால் அவள் கோபம் படுத்திருக்கும் பிள்ளை மேல்தான் திரும்பும் என்பார்கள்.

மகளுக்குச் சரி. என் வீட்டுக்காரருக்கு? ராசிபுரத்தில் நெய் வியாபாரம் அவருக்கு. கூடவே சர்க்கரை வியாதி. தினமும் காலையில் கம்பவுண்டர் ஞானதாஸ் வந்து இன்சுலின் போட்டுவிட்டுப் போவார். அப்புறம் இவர் வெண்ணந்தூர்ப் பக்கம் ஊர் ஊராக நடந்து வெண்ணெய் வாங்குவார். மதியம் ராகிக்களியும் கீரையும். ஊசியும் நடையும் களியும்தான் மனிதரை நிமிர்த்தி வைத்திருந்தன.

இப்போது மூன்றும் நின்றுபோயின. கட்டிலில் உட்கார்ந்தபடியே அரிசிக் கஞ்சி குடித்தார். போதாததற்கு ஆத்தாவுக்கு வைத்த வெல்லப் பானகம். மகள் இரண்டு மடக்குக் குடித்து அப்புறத்துக்கு மீதி வைத்தால், "பிரசாதம் புள்ள, வேண்டாங்கக் கூடாது" என்று சொம்பை வாயில் கவிழ்த்துவிடுவார். இனிப்பைக் கண்டால் சும்மாவே நாக்கைத் தொங்கப் போடுகிற ஆள். இப்போது சாமியே துணைக்கு வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சொம்பாலேயே ஒன்று வைத்திருப்பேன்.

ஞானதாஸ் தெருவில் நின்று குரல் கொடுத்தார். "அம்மிணி, அண்ணனுக்கு ஊசி நிக்கக் கூடாதுங்க. உள்ள வரட்டுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கத்தினார். "வேண்டாங்க! எம்புள்ள பொழைக்கோணும்."

மருந்துப் புட்டி சூடு படாமலிருக்க எங்கள் மண்பானைத் தண்ணீரில்தான் கிடந்தது. கம்பவுண்டர் ஊசியைத் துணியில் சுற்றிப் படியில் வைத்தார். "எந்தக் கோடு வரைக்கும்னு தெனமும் பாக்கறீங்களேங்க. நீரக் காய்ச்சிப் பாருங்க. செங்கல் நெறம் வந்துட்டா யோசிக்காதீங்க."

கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றிச் சிறுநீரைச் சொட்டுவிட்டுச் சூடு காட்டினால், சர்க்கரை இல்லாதவர்களுக்கு நீலமாகவே நிற்கும். எங்கள் குழாயில் முதலில் பச்சை வந்தது, அடுத்து மஞ்சள். அவர் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், கொல்லைக்கு ஓடினார். பிறகு ஓடவும் தெம்பில்லை. ஒரு காலையில் குழாய்க்குள் செங்கல் நிறம் திரண்டது. ஓடிப் போய் அவரைப் பார்த்தேன். மூச்சு நெஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அதில் அழுகின பழத்தின் வாடை அடித்தது.

ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு போனேன். "கையக் குடுங்க."

கையை மார்போடு கட்டிக்கொண்டார். "நான் போனாப் போறேன் புள்ள. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ தாங்குவியா?"

தாங்க மாட்டேன். ஆத்தா மேல் எனக்கும் பயம்தான். மகளா தாலியா என்று என்னைக் கேட்டால் நான் எதைச் சொல்வேன்?

அம்மை கண்ட பிள்ளையை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவள் கேட்டதைக் கொடுப்போம், சொன்னதைச் செய்வோம். அப்படியானால் உத்தரவை அவளிடமே கேட்டுவிட வேண்டியதுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் எனக்கு வழியில்லை.

பாயருகில் உட்கார்ந்தேன். அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன. "ஆத்தா, ஊசி போடோணும். உத்தரவு குடு தாயே."

"எனக்கா?" கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"உனக்கில்ல சாமி. அப்பாவுக்கு."

"வலிக்குமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வலிக்கும்."

அவள் கட்டில் பக்கம் தலையைத் திருப்பினாள். அவர் மூச்சு மட்டும் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்பாவ இங்க வரச் சொல்லு" என்றாள் கடைசியில். "நான் வேப்பிலைல தடவி உடறேன். வலிக்காது."

அவருக்கும் கேட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பாயோரம் சரிந்தார். தன் அரிப்புக்கு வைத்திருந்த வேப்பங்கொத்தால் அவள் அவர் கையைத் தடவினாள். அவர் கையை இழுக்கவில்லை. நான் ஊசியைக் குத்தினேன். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"இனி எம் பானகத்தக் குடிக்கக் கூடாது" என்றாள் மகள்.

"செரி ஆத்தா." அவர் கை கூப்பினார்.

ஞானதாஸ் தெருவில் நின்றபடியே சொல்லச் சொல்ல, திரும்பத் திரும்பப் போட்டேன். குழாயில் செங்கல் மஞ்சளாயிற்று, மஞ்சள் பச்சையாயிற்று. மகளும் முகம் நிறையத் தழும்போடு எழுந்து உட்கார்ந்தாள்.

பானகத்தைத் தொடாதே என்றது ஆத்தா என்று அவர் நம்பினார். தன் பங்கைப் பறிகொடுத்த பிள்ளை சொன்னது அது என்று எனக்குத் தெரியும். நான் மூச்சு விடவில்லை.

பத்து வருஷம் கழித்து அவள் கல்யாணப் பந்தியில் பாயசம் வந்தது. பெண்ணைப் பெற்றவர் ஒரு வாய் சாப்பிட வேண்டாமா என்று பரிமாறுகிறவர் விடவில்லை. இவர் இலை மேல் கையை விரித்து மறைத்தார். மாலையும் தழும்புமாக நின்ற மகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆத்தா உத்தரவு இல்லீங்க" என்றார்.